மூன்றாம் குளத்துச் சிவப்பு மீன்

அத்தியாயம் 11

டிரைவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்துவிட்டு நாம் வந்து ஒரு வாரம் ஆகிறது. சட்டையில் ஒரு கையை நுழைத்தவர், மறு கையை மறந்துவிட்டு, ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நமக்குத்தான் ஒரு வாரம். அவருக்கு அது ஒரே காலைப்பொழுது. மறு கையையும் மாட்டி அவரை எழுப்பிவிடுவோம். இன்றைக்கு அவருக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. டிரைவர் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவிகூட அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. மகன் தொலைவில் ஒரு நகரத்தில், இரண்டு அறை வீட்டில் இருக்கிறான். டிரைவர் இருப்பது மகளோடு. மகளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள் இல்லை. கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை. அவளுக்குச் சொந்தமாக ஒரு கெண்டை மீன் பண்ணை. வீட்டைச் சுற்றி நான்கு குளங்கள்.

மேட்டில் இருப்பது தாய்க்குளம். பதினோரு தாய் மீன்கள் அதில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை எடை. பண்ணையின் வம்சமே அவைதான். சமையலறைக்குப் பின்னால் மூன்றாம் குளம். அதன் மடை வழியாகத் தண்ணீர் இரண்டாவதற்கும் முதலாவதற்கும் இறங்கும்.

கீழே இருக்கும் அந்த மூன்று குளங்களிலும் ஒன்பது நாளாக மீன் செத்து மிதக்கிறது.

ஏன் என்று மகளுக்குத் தெரியாது. டிரைவருக்குத் தெரியும் என்று போன வாரக் கடைசி வரியில்தான் நமக்குத் தெரிந்தது.

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. மனைவி ஆசையாக வளர்த்த வண்ணக் கெண்டை ஒன்று அதில் இருந்தது. வெள்ளை உடம்பு, நெற்றியில் வட்டமாக ஒரு சிவப்பு. பொட்டுக்காரி என்று அவள்தான் பெயர் வைத்தாள். அவள் போன பிறகு டிரைவர் வாய் திறந்து பேசியதெல்லாம் பொட்டுக்காரியிடம்தான். பாவம், தனியாகக் கிடக்கிறதே என்று, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடையில் அதற்கு ஒரு துணை வாங்கி வந்தார். முழுச் சிவப்பு, துறுதுறுவென்று ஒரு மீன்.

இரண்டு வாரத்தில் பொட்டுக்காரி இரை எடுக்கவில்லை. அடியில் போய்ச் சாய்ந்து படுத்துக்கொண்டது. டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது மகள் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "குளத்துத் தண்ணி பட்டா தானா தேறிடும்." அவள் சொன்னது சில நாளில் பையில் அடைபட்டுச் சோர்ந்து வரப்போகும் குஞ்சு மீன்களைப் பற்றி. டிரைவர் அதைப் பொட்டுக்காரிக்கு எழுதிய மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டார்.

வெளி மீன் குளத்துக்குள் இறங்கக் கூடாது என்பது மகளின் சட்டம். அவருக்கும் தெரியும். ஆனால் மூன்று வருடம் தன்னோடு கூடத்தில் இருந்த மீனை அவர் வெளி மீனாக நினைக்கவில்லை. ஒரு மத்தியானம், மகள் வெளியே போயிருந்தபோது, இரண்டையும் பக்கெட்டில் எடுத்துப் போய் மூன்றாம் குளத்தில் விட்டார். சாயங்காலம் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். செத்துப்போச்சும்மா, புதைச்சிட்டேன் என்றார். அவள் அவர் தோளில் கை வைத்து, "அய்யோ பாவம்ப்பா" என்றாள். இருபத்து நான்கு நாள் ஆகிறது. அதற்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்று பேசிக்கொள்ளவில்லை, சண்டை எதுவும் இல்லாமலே.

சரி, இன்றைக்கு வருவோம்.

சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் மகளின் கையெழுத்து: "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். டாக்டர் பத்து மணிக்கு." டிரைவர் பேனாவை எடுத்து அதன் கீழே "சரி" என்று எழுதினார். இந்த வீட்டில் இப்போது பேச்சு என்பது இவ்வளவுதான். அவள் விடியும் முன் குளத்துக்குப் போய்விடுவாள். அவள் சாப்பிட வரும்போது அவர் சாப்பிட்டு முடித்திருப்பார்.

கூடத்துக்கு வந்து தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தார். உள்ளே மீன் இல்லை. ஆனால் காற்று மோட்டாரை அவர் நிறுத்தவில்லை, குமிழ்கள் வந்துகொண்டிருந்தன. மகள் ஒருமுறை பலகையில், "காலித் தொட்டிக்கு எதுக்குப்பா மோட்டார்?" என்று எழுதியிருந்தாள். நிறுத்தறேன் என்று கீழே எழுதினார். நிறுத்தவில்லை. அது நின்றால் வீட்டில் சத்தமே இருக்காது.

மீன் டாக்டர் பத்துக்கு முன்பே வந்துவிட்டார். முப்பது வயதுப் பெண். வேகமாக நடப்பார், நிதானமாகப் பேசுவார். வாசலில் இருந்த மருந்துத் தண்ணீர்த் தட்டில் இரண்டு பூட்ஸையும் முக்கி எடுத்து, உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"ரிசல்ட் வந்துருச்சு. நாம பயந்ததேதான்."

மகள் தலையை மட்டும் அசைத்தாள். முழங்கால் வரை சேறு, கையில் ரப்பர் உறை.

"வைரஸ். கெண்டை இனத்துக்கு மட்டும் வர்றது. நம்மளை ஒண்ணும் பண்ணாது. ஆனா மருந்து கிடையாது."

"தெரியும் டாக்டர். செவுளைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பிழைச்ச மீனையும் விட முடியாதும்மா. பாக்க நல்லா இருக்கும், உள்ள சுமந்துகிட்டுத்தான் இருக்கும். மூணு குளத்தையும் காலி பண்ணிச் சுண்ணாம்பு போட்டுக் காயவிடணும்."

"நேத்தே வலையை இறக்கிட்டேன்."

அவள் குரல் தாழ்ந்திருந்தது. கூடத்துக்குள் இருந்த டிரைவருக்கு அந்தக் குரல் பழக்கம். வலி கூடக் கூடக் குரல் இறங்குவது அவள் அம்மாவின் வழக்கம்.

"தாய்க்குளம்?" என்று மகள் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நோய் எந்த வழியா உள்ள வந்துச்சுங்கறதைப் பொறுத்தது. மேட்டுக்குத் தனித் தண்ணி, தனி வலை, தனி பூட்ஸ் வெச்சிருக்கீங்க. மூணாவதுல இறங்கி அப்படியே கீழ போயிருந்தா, மேல ஏற வழியில்ல. விட்டு வெச்சுப் பாக்கலாம். வந்த வழி தெரியலைன்னா என்னால விட முடியாது. அதையும் சேத்துக் காலி பண்ணித்தான் ஆகணும்."

"ம்."

"ஒரு மாசத்துல வெளியில இருந்து ஏதாவது மீன் வந்துச்சா? ஒரே ஒரு மீனா இருந்தாலும் சொல்லுங்க."

"குஞ்சுங்க வந்துச்சு. இருபது நாள் முன்னாடி, மூணாம் குளத்துக்கு. வேற எதுவும் இல்ல."

"நிச்சயமா?"

"என் கேட்டைத் தாண்டி ஒரு தவளை வந்தாக்கூட எனக்குத் தெரியும் டாக்டர்."

டிரைவர் எழுந்து நின்றார். கதவு நான்கு எட்டுத் தூரம். அவர் போகவில்லை.

"அப்போ குஞ்சுப் பண்ணைதான்" என்றார் டாக்டர். "நாலு மணிக்குள்ள நான் அறிக்கை அனுப்பணும். அனுப்பினா இன்னிக்கே அங்க சீல் வெச்சிருவாங்க. தொட்டியில இருக்கறதை எல்லாம் அழிச்சிருவாங்க. பதினோரு பண்ணைக்குக் குடுக்கறவர், அதிகாரிங்க காத்திருக்க மாட்டாங்க."

மகள் கையுறையை இறுக்கி இழுத்துவிட்டாள். பிறகு, "அனுப்புங்க" என்றாள்.

"தாய் மீனுக்கு இரை போடும்போது எண்ணிப் பாருங்க. நோய் வந்த மீன் முதல்ல இரைக்கு வராது. ஒண்ணு குறைஞ்சாலும் உடனே கூப்பிடுங்க."

"சாயங்காலம் ஒரு வேளைதான் போடறது. நேத்து பதினொண்ணும் வந்துச்சு."

டாக்டர் மறுபடி பூட்ஸை முக்கிவிட்டுப் போனார். மகள் அந்தப் பக்கமே திரும்பிக் குளத்துக்குப் போய்விட்டாள். கூடத்துக்குள் ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பது இருவருக்கும் தெரியாது.

குஞ்சுப் பண்ணைக்காரரைப் பற்றி ஆறாவது அத்தியாயத்தில் கொஞ்சம் பார்த்தோம். குஞ்சு மீன்களை ஆக்சிஜன் அடைத்த பையில் கொண்டுவருபவர். வேனில் எப்போதும் ஒரு சிலிண்டர் இருக்கும். அதனால் ஊரில் உள்ள பண்ணையெல்லாம் அவருக்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிற, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். தினமும் காலையில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்க மகளுக்குப் போன் செய்வார். ஒரு டிகிரிக்கு அரை மணி நேரம் என்ன பேச்சு என்று டிரைவர் யோசித்திருக்கிறார். இந்த வீட்டில் மகள் சிரிப்பது அந்த அரை மணி மட்டும்தான். ஒன்பது நாளாக அந்தப் போனை அவள் எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு டிரைவர் மகனைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கப்பா. மீட்டிங்ல இருந்து வெளிய வந்திருக்கேன், ரெண்டு நிமிஷம்."

இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடித்தார். கால அட்டவணைப்படி வண்டி ஓட்டியவர் ஆயிற்றே. பொட்டுக்காரி, துணை மீன், பக்கெட், பொய், நாலு மணி.

மகனுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க."

"ஏண்டா?"

"சொன்னா செத்த மீன் திரும்பி வருமா? அவ அந்தப் பண்ணைக்காகப் பதினாறு வருஷம் உழைச்சிருக்கா. நீங்கதான் காரணம்னு தெரிஞ்சா உங்க முகத்துல முழிப்பாளா? எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு அதே வீட்டுல இருப்பீங்க?"

"இருக்க முடியலைன்னா?" என்று டிரைவர் கேட்டார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். இங்க வந்துடுங்கப்பா என்று மகன் சொல்ல வேண்டிய இடம் அது. வந்து இருக்கப்போவதில்லை, இரண்டு அறை வீடு, அவருக்கே தெரியும். ஆனாலும் சொல்லிக் கேட்டால் நன்றாக இருக்கும்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ப்பா. கூப்பிடறாங்க. சாப்பிட்டீங்களா? சாப்பிடுங்க. வெக்கட்டுமா?"

வைத்துவிட்டான். டிரைவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மகன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. வருத்தம் மட்டும் இருந்தது, அது நிறையவே இருந்தது.

மூடி வைத்திருந்த சாப்பாட்டைத் திறந்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

இரண்டு மணி சுமாருக்கு கேட்டில் ஹாரன் கேட்டது. ஆக்சிஜனின் வேன். கேட்டில் சங்கிலி போட்டு, வெளி வண்டி உள்ளே வரக் கூடாது என்று அட்டையில் எழுதி மகள் மாட்டியிருந்தாள். அவர் இறங்கி வெளியேயே நின்றார். மகள் குளத்துக் கரையிலிருந்து வந்து, உள்ளே இருபது அடி தள்ளி நின்றாள். டிரைவர் ஜன்னல் பக்கம் போனார். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் அவர் விஷயத்தைத்தானே பேசுகிறார்கள்.

"டாக்டர் போன் பண்ணினாங்க" என்றார் ஆக்சிஜன். "நாலு மணிக்குன்னு சொன்னாங்க."

"ஆமா."

"என் தொட்டியில ஒரு குஞ்சு சாகல. நீயே வந்து பாரேன். உன் கண்ணால பாத்துட்டுச் சொல்லு."

"நான் பாத்து என்ன ஆகுது? பேப்பர்ல வந்திருக்கு."

"பேப்பர்ல நோய்தான் வந்திருக்கு. நான்தான் குடுத்தேன்னு வரலையே."

"வேற யாரு குடுத்தா? ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு?"

ஆக்சிஜன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எட்டு வருஷமா உனக்குக் குஞ்சு தர்றேன்" என்றார் கடைசியில். "ஒரு தடவையாவது உனக்குக் கெடுதல் வர்ற மாதிரி நடந்திருக்கேனா?"

"இல்ல. அதான் என்னால தாங்க முடியல."

அவள் திரும்பி நடந்தாள். அவர் சட்டைப் பையில் எதையோ தேடினார், கிடைக்கவில்லையோ, தேவையில்லை என்று நினைத்தாரோ, வேனில் ஏறிக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே அந்தச் சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை, பின்னாலேயே போக வேண்டும். எட்டு வருடமாக ஆக்சிஜன் அதைக் கண்ணாடிகூடப் பார்க்காமல் செய்வதை டிரைவர் ரசித்திருக்கிறார். இன்றைக்கு வண்டி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை சுவரில் லேசாக உரசியது. கிளட்சில் இருக்கும் கால் நடுங்கினால்தான் வண்டி அப்படி அணையும். அது டிரைவருக்குத் தெரிந்த விஷயம். அதற்கு டாக்டர் ரிசல்ட் தேவையில்லை.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அவர் வண்டி அடித்ததில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டு அதைத்தான் சொன்னார்கள். ஒரே ஒருமுறை வேறொரு டிரைவர் சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிறுத்தாமல் போனபோது, அந்த ஆளோடு அதன் பிறகு இவர் டீ குடித்ததில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

மூன்றாம் குளத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இறங்கிவிட்டது. தண்ணீரைக் கலக்கிக் காற்று ஏற்றும் சக்கரங்களை நிறுத்தியிருந்தார்கள். வலைக்காரர் இடுப்பளவு சேற்றில் நின்று மீனை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கரையில் வரிசையாக நீல டிரம்கள். மகள் ஒரு டிரம்முக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். மருந்துத் தட்டைத் தாண்டும்போது டிரைவர் நின்று, இரண்டு செருப்பையும் நன்றாக முக்கினார். மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப்பா, இங்க எதுக்கு வந்தீங்க? நாத்தம் தாங்க மாட்டீங்க."

"மூணாம் குளத்துல இன்னும் ரெண்டு மீன் இருக்கும்மா. உன்னோடது இல்ல."

"என்னது?"

"பொட்டுக்காரியும், அதுக்கு நான் வாங்கிட்டு வந்த செவப்பு மீனும். சாகல. நான் புதைக்கல. உயிரோட கொண்டுவந்து இங்க விட்டேன்."

மகளின் கையில் சுண்ணாம்புக் கரண்டி அப்படியே நின்றது. வலைக்காரரைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் கரையேறித் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றாள். அவர் ஏறிப் போகும் வரை பேசவில்லை.

"எப்போ?"

"இருபத்து நாலு நாள் ஆச்சு."

"குஞ்சு வர்றதுக்கு முன்னாடி."

"நாலு நாள் முன்னாடி."

"அப்பவே அதுக்கு உடம்பு சரியில்லையா?"

"இரை எடுக்கல. அடியில படுத்துகிட்டே இருந்துச்சு. குளத்துத் தண்ணி பட்டா தேறிடும்னு நீ போன்ல சொன்ன. அதை நம்பிட்டேன்."

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"ஒன்பது நாளா இந்தக் கரையில நின்னுகிட்டு, எங்க தப்பு பண்ணினோம், எங்க தப்பு பண்ணினோம்னு யோசிக்கறேன். தீவனமா, தண்ணியா, வலையா. முதல்ல என்னைத் திட்டிக்கிட்டேன். அப்புறம் அவரை. இப்பக்கூட கேட்ல நிக்க வெச்சு..." கழற்றிய கையுறையை டிரம்மின் மேல் போட்டாள். "ஏம்ப்பா என்கிட்ட கேக்கல? மீன் சாப்பிடலன்னு ஒரு வார்த்தை. அது என் தொழில்ப்பா. வந்து பாத்திருக்க மாட்டேனா?"

"பலகையில எழுதினேன். அப்புறம் அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"முதல்ல துணை வாங்கணும்னு நினைச்சப்பவே எழுதினேன். பொட்டுக்காரி தனியா இருக்குன்னு. எழுதிட்டுப் படிச்சுப் பாத்தேன். எனக்காக எழுதின மாதிரி இருந்துச்சு. நீயும் அப்படித்தான் நினைப்பேன்னு அழிச்சிட்டேன்."

"நினைச்சா என்ன?"

"சரியாத்தான் நினைச்சிருப்ப" என்றார் டிரைவர்.

அவள் அவரைப் பார்த்தாள். சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். காலையிலிருந்து அப்படியேதான் இருந்திருக்க வேண்டும், சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்க மேல எனக்கு வர்ற கோபத்துக்கு இப்போ நேரம் இல்ல. மணி என்ன?"

"மூணேகால்."

போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அப்பா பக்கம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

டிரைவர் சொன்னார். இந்த முறை சுலபமாக வந்தது. டாக்டர் நடுவில் பேசாமல் கேட்டார்.

"வண்ணக் கெண்டையும் குளத்துக் கெண்டையும் ஒரே இனம்தான் ஐயா. கடை மீன் வழியாத்தான் இது நிறைய இடத்துக்குப் போகுது. நல்லவேளை சொன்னீங்க. குஞ்சுப் பண்ணை அறிக்கையை நிறுத்திடறேன். அவர் தொட்டியைச் சோதிச்சுட்டு முடிவு பண்ணலாம். அந்தச் செவப்பு மீன் கிடைச்சா எனக்கு உயிரோட வேணும்."

மகள் கண்ணை மூடித் திறந்தாள்.

வலைக்காரர் திரும்பி வந்து குளத்தில் இறங்கியிருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் போலிருக்கிறது. "வெள்ளை மீன் ஒண்ணு முதல் நாளே மேல வந்துச்சும்மா" என்றார் தயங்கி. "உடம்பெல்லாம் வெளுத்திருந்துச்சு. நெத்திச் செவப்பைப் புண்ணுன்னும், நோயில வெளுத்த கெண்டைன்னும் நினைச்சு டிரம்முல போட்டுட்டேன்."

அப்படியானால் பொட்டுக்காரி எட்டு நாளுக்கு முன்பே மற்ற மீன்களோடு சுண்ணாம்புக்குள் போய்விட்டது. தெரியாமல் டிரைவர் தினமும் ஜன்னலில் நின்று தேடிக்கொண்டிருந்தார். பரவாயில்லை என்று வலைக்காரரிடம் கையை அசைத்தார்.

வலை ஒதுங்கி வந்தது. மங்கிய முதுகுகளுக்கு நடுவில் ஒரு சிவப்பு துள்ளியது. கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே துறுதுறுப்போடு, ஒரு செதில்கூட உதிராமல் இருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"இன்னும் ஒரு கேள்வி" என்றது போன். டாக்டர் இன்னும் வைக்கவில்லை. "தொட்டித் தண்ணி, இல்ல மூணாம் குளத்துத் தண்ணி, வேற எங்கயாவது போச்சா? பக்கெட்ல, குடத்துல, எதுலயாவது?"

மகள், "இல்ல டாக்டர்" என்று ஆரம்பித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

தாய்க்குளத்துக் கரையில் ஓர் எலுமிச்சை மரம் இருக்கிறது. அவள் அம்மா வைத்தது. மீன் தண்ணீர்தான் அதற்கு உரம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொட்டியிலிருந்து இரண்டு பக்கெட் கொண்டுபோய் ஊற்றுவாள். அவளுக்குப் பிறகு டிரைவர் ஊற்றினார். மரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று மகளே போன மாதம் பலகையில் எழுதியிருந்தாள். தொட்டி காலியானபோது இந்த மரம் அவள் நினைவுக்கு வரவில்லை. டிரைவர் மறக்கவில்லை.

அவர் இரண்டாவது முறையாக வாயைத் திறந்தார். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று இந்த முறை யோசிக்கவில்லை.

"எலுமிச்சைக்கு ஊத்துவேன்மா. வாரா வாரம் ரெண்டு பக்கெட். முன்னாடி தொட்டித் தண்ணி. தொட்டியில மீன் இல்லைன்னு ஆன அப்புறம் இங்க மூணாவதுல மொண்டு எடுத்துட்டுப் போனேன். பின்பக்கமா ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு."

"கடைசியா எப்போ?" என்றார் டாக்டர்.

"போன வெள்ளிக்கிழமை."

"மரம் எங்க இருக்கு?"

"தாய்க்குளத்துக் கரையில" என்றாள் மகள். "தண்ணி சாய்வா உள்ளதான் இறங்கும்."

"நான் கிளம்பி வர்றேன். அதுக்குள்ள இரை போட்டு எண்ணிடுங்க" என்று சொல்லி டாக்டர் வைத்துவிட்டார்.

மகள் தாய்க்குளத்துக்கென்றே வைத்திருக்கும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையைத் தேய்த்துக் கழுவி, தீவன டப்பாவை எடுத்தாள். மேட்டுப் பாதையில் நாலு எட்டு ஏறினாள். டிரைவர் கீழேயே நின்றார். தன்னைக் கூப்பிடுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கும் நிலையில் தான் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அவள் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த மூலையில இன்னொரு ஜோடி பூட்ஸ் இருக்கு. போட்டுகிட்டு வாங்கப்பா. தனியா எண்ண எனக்குப் பயமா இருக்கு."

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மருந்துத் தட்டில் முக்கி, மூச்சு வாங்க மேலே ஏறி அவள் பக்கத்தில் போய் நின்றார். எலுமிச்சை காய்த்துத்தான் இருந்தது. அதன் அடியில் மண் இன்னும் கறுத்து ஈரமாக இருந்தது. குளம் அசையாமல் கிடந்தது.

மகள் டப்பாவை மூன்று முறை தட்டித் தீவனத்தை வீசினாள்.

முதலில் பெரியது வந்தது, அகலமாக வாயைத் திறந்துகொண்டு. அதன் பின்னால் இரண்டு. பிறகு ஒரு கூட்டமாக. மகள் உதட்டுக்குள் எண்ணினாள். டிரைவர் விரல் நீட்டி எண்ணினார், பஸ் புறப்படும் முன் கண்ணாடியில் தலைகளை எண்ணுகிற பழக்கம். ஆறு. எட்டு. ஒன்பது.

"பத்து" என்றார்கள் இருவரும்.

மகள் மறுபடி தட்டினாள். தட்டும்போது அவள் இடது கை அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்திருந்தது, அது அவளுக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. மணி நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பதினொன்றாவது வாய்க்காக இருவரும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள்.